மக்கள் தொடர்புத் தொழிலிலிருந்து முதலீட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி வளர்த்தவர் அதை விட்டுவிட்டுத் துணிகர மூலதன நிறுவனத்தில் (பிறரின் பணத்தைத் திரட்டி இளம் கம்பனிகளின் பங்குகளில் போடுகிற நிறுவனம்) பங்காளராகச் சேர்ந்தார் என்ற வகைச் செய்திகள் வணிகப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் விளம்பரம், காணொளி, நிகழ்ச்சி ஒழுங்கமைப்பு, முகநூல் பக்கம் பார்த்தல் என்று நாலைந்து பேரோடு நிறுவனம் நடத்துகிற இளையவர்கள் அவற்றை ஆவலோடு வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு, நாலு பெரிய ஆட்களைத் தெரிந்தால் போதும், அடுத்த படி முதலீடுதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது பிழையான வாசிப்பு. அந்த நினைப்போடு இறங்கினால் இருக்கிற தொழிலும் குழம்பிப்போகும். விளம்பரம், கணக்கியல், கம்பனிச் செயலாளர் பணி ஆகியவற்றில் இருப்பவர்கள் என்ற முறையில், இந்த மாற்றத்தில் உண்மையில் என்னென்ன மாறுகின்றன என்பதை உங்கள் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நன்கு அறியப்பட்ட ஓர் உதாரணம். அமெரிக்காவில் மார்கிட் வென்மேக்கர்ஸ் என்பவர் கேரின் மருனியுடன் சேர்ந்து 1997 இல் அவுட்காஸ்ட் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 2005 இல் அதைப் பிரித்தானியாவின் நெக்ஸ்ட் ஃபிஃப்டீன் குழுமம் வாங்கியது. 2010 இல் அவர் அன்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற துணிகர மூலதன நிறுவனத்தில் பங்காளரானார். விற்றதற்கும் போனதற்கும் இடையில் ஐந்து வருடங்கள் இருக்கின்றன. மருனியின் வழி வேறு. 2011 இல் முகநூல் நிறுவனத்தில் சேர்ந்து பல வருடங்கள் உள்ளே வேலை செய்த பின்பே கோட்டூ என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனார். டைம் சஞ்சிகையின் நிருபராக இருந்து 1986 இல் செக்கோயா நிறுவனத்துக்குப் போன மைக்கேல் மொரிட்சையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். எழுத்திலும் பேச்சிலும் பிழைத்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்கும் என்பது உண்மை. ஆனால் ஒருவரும் ஒரே நாளில் உள்ளே போகவில்லை.

‘பார்ட்னர்’ என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. துணிகர மூலதன நிறுவனத்தில் அந்தப் பட்டத்தோடு இருவகையினர் இருப்பார்கள். ஒரு வகையினர் எந்தக் கம்பனிக்கு எவ்வளவு என்று தீர்மானித்துக் காசோலை எழுதுபவர்கள். மற்றவர்கள், காசு வாங்கிய கம்பனிகளுக்கு ஆட்சேர்ப்பு, விளம்பரம், நெருக்கடி நேரத்து ஊடகப் பேச்சு போன்றவற்றைச் செய்துகொடுப்பவர்கள். வென்மேக்கர்ஸ் போன இடம் இரண்டாவது. 2009 இல் 30 கோடி டொலர் நிதியோடு தொடங்கிய அந்த நிறுவனம், பணத்தோடு இப்படியான சேவையையும் சேர்த்துக் கொடுப்பதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. மக்கள் தொடர்பிலிருந்து போகிற பலருக்கு முதலில் கிடைப்பது இந்த இரண்டாவது கதிரைதான். அது குறைந்த கதிரை அல்ல. ஆனால் சேரும்போதே மூன்று விடயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்: முதலீட்டுக் குழுவில் வாக்கு உண்டா, இலாபப் பங்கு உண்டா, உண்டென்றால் எந்த நிதியிலிருந்து. கேட்காமல் சேர்ந்தால் சம்பளத்துக்கு விளம்பரப் பிரிவு நடத்துகிற வேலையே மிஞ்சும்.

இனி, வருமானம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். நம் கடற்கரைக் கரைவலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலையும் தோணியும் ஒருவருடையது, இழுக்கிற கை இன்னொருவருடையது, செலவு போக மிஞ்சுகிறதில் பங்கு. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கத்தில் முழாரபா என்று சொன்னாலே விளங்கிவிடும்: முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபம் பேசிய விகிதத்தில், நட்டம் முதலுக்கு. துணிகர மூலதன நிதியும் ஏறத்தாழ இப்படித்தான். காசு போடுபவர்கள் ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பணக்காரக் குடும்பங்கள். நடத்துபவர்களுக்கு வழக்கமாக வருடத்துக்கு 2 வீதம் நிர்வாகக் கட்டணம், இலாபத்தில் 20 வீதம் பங்கு. நிதியின் ஆயுள் பொதுவாக 10 வருடம்.

எண்ணில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். 1 கோடி டொலர் கொண்ட ஒரு சிறு நிதி. வருடக் கட்டணம் 2 இலட்சம் டொலர். இதில்தான் இரண்டு மூன்று பேரின் சம்பளம், கணக்காய்வு, சட்டத்தரணி, பயணம் எல்லாம். பல நிதிகளில் ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு இந்தக் கட்டணம் குறையும். குறையாது என்றே வைத்தாலும் 10 வருடத்தில் 20 இலட்சம் செலவாகி, முதலிட மிஞ்சுவது 80 இலட்சம். 20 கம்பனிகளுக்கு 2 இலட்சம் வீதம் 40 இலட்சம். மீதி 40 இலட்சத்தை, அவற்றில் நன்றாக ஓடுகிறவை மறுபடி பணம் திரட்டும் அடுத்த சுற்றில் போட ஒதுக்கிவைக்க வேண்டும். பத்து வருட முடிவில் 3 கோடி திரும்பி வந்தால் இலாபம் 2 கோடி, அதில் நடத்துபவர்களின் பங்கு 40 இலட்சம். கேட்க நல்ல தொகை. ஆனால் அது பெரும்பாலும் ஏழெட்டு வருடம் கழித்தே கைக்கு வரும், பங்காளர்களுக்கிடையில் பிரியும், வராமலும் போகலாம். அதோடு, காசு போடுபவர்கள் ‘உன் கைக்காசு எவ்வளவு?’ என்று கேட்பார்கள். நிதியில் 1 முதல் 2 வீதம் நடத்துபவர்களே போடுவது வழக்கம். இந்த நிதியில் குறைந்தது 1 இலட்சம் டொலர்.

மாதக் கட்டணத்துக்குப் பழகிய விளம்பர நிறுவனக்காரருக்கு இதுவே பெரிய அடி. அங்கே 30 ஆம் திகதி காசு வரும். இங்கே முதல் மூன்று நான்கு வருடம் கணக்கு கழித்தலிலேயே நிற்கும், ஏனென்றால் படுக்கிற கம்பனிகள் முந்திப் படுத்துவிடும், வளர்கிறவை மெதுவாகத்தான் வளரும். வீட்டுச் செலவுக்கு வேறு வழி வைக்காமல் போனவர்கள் இரண்டாம் வருடத்தில் திரும்பி வருவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, காசுப் பாய்ச்சல்.

போவதற்கு முன் இருக்கிற நிறுவனத்தை என்ன செய்வது? பெரும்பாலானோர் பிழை விடுவது இங்கேதான். விளம்பர நிறுவனத்தின் பெறுமதி அதை நடத்துபவரின் தொலைபேசியில் இருக்கிறது. அவர் போனால் வாடிக்கையாளரும் போவார். அதனால் வாங்குபவர் விலையில் ஒரு பகுதியை மட்டும் கையில் தந்து, மீதியை அடுத்த இரண்டு மூன்று வருட வருமானத்தோடு கட்டிவைப்பார். நிறுவனர் உடனே வெளியேறினால் அந்த மீதி கிடைக்காது. ஆகவே குறைந்தது 18 மாதம் முந்தியே வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டாமவர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், கூட்டங்களை அவரே நடத்த வேண்டும். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் கால்வாசிக்கு மேல் வரக்கூடாது. நம் பக்கத்தில் தொண்டு நிறுவனத் திட்டமொன்றையே நம்பி ஓடுகிற நிறுவனங்கள் பல. திட்டம் முடிந்தால் நிறுவனமும் முடிந்தது. அப்படியானதை யாரும் வாங்கமாட்டார்கள். 90 நாளுக்கு மேல் வராத கடன்களைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று முதலாளி கட்ட வேண்டியது நிலுவையில் இருந்தால், வாங்குபவரின் கணக்காளர் முதல் நாளே கண்டுபிடிப்பார்.

இன்னொன்றையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் முகநூல் பக்கத்துக்கு நிர்வாகி யார்? பல இடங்களில் நிறுவனரின் சொந்தக் கணக்கு. இணையத்தள முகவரி யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன பையனுடையதில். ஒருமுறைக் கடவு எண் போய்ச் சேருவது யாரும் பாவிக்காத ஒரு சிம்முக்கு. எடுத்த புகைப்படங்களின் மூலக்கோப்புகள் யாரோ ஒருவரின் வீட்டு ஹார்ட்டிஸ்கில். இவற்றை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிவைக்க ஒரு கிழமை போதும். செய்யாவிட்டால், விற்பனைப் பேச்சு இந்த ஓட்டையிலேயே நின்றுவிடும்.

நிறுவனத்தை விற்காமல் வைத்துக்கொண்டே முதலீட்டாளராகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதே எங்கள் கருத்து. உங்கள் விளம்பர வாடிக்கையாளரின் அடுத்த வருடத் திட்டம் உங்கள் மேசையில் இருக்கும்போது, அவருக்குப் போட்டியான கம்பனியில் நீங்கள் பணம் போட்டால், யாருடைய இரகசியத்தை யாருக்குப் பாவித்தீர்கள் என்ற கேள்வி வரும். அதற்கு நல்ல பதில் கிடையாது.

இனி, தொழிலில் எது உதவும், எது கெடுக்கும். உதவுவது கேள்வி கேட்கும் பழக்கம். நற்சான்றுக் கடிதம் எப்படித் தயாராகிறது என்று விளம்பரக்காரருக்குத் தெரியும். ஆகவே நிறுவனர் தருகிற தொலைபேசி இலக்கங்களோடு நிற்காமல், அவர் தராத ஐந்து வாடிக்கையாளரையும் இரண்டு வழங்குநரையும் தேடிப் பேசுவார். வழங்குநரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: எத்தனை நாள் கடன், சொன்ன நாளில் வருகிறதா?

கெடுப்பது, வாடிக்கையாளர் பக்கம் நின்றே பேசிப் பழகிய நாக்கு. இருபது வருடம் பிறருடைய கதையை அழகாக்கியவர், அழகான கதையைக் கண்டால் இளகிவிடுவார். தெரனோஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 2003 இல் தொடங்கியது. ஒரு துளி இரத்தத்தில் பல பரிசோதனை என்று சொல்லி, பத்திரிகை அட்டைகளில் எல்லாம் வந்து, 900 கோடி டொலர் மதிப்பிடப்பட்டது. சொன்னபடி அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்பதை 2015 இல் ஒரு நிருபர் வெளிக்கொண்டுவந்தார். நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அங்கே கதை குறையற்றது. பொருள்தான் இல்லை.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை. மருதமுனைக் கைத்தறிச் சேலையை இணையத்தில் விற்கிற ஒரு கம்பனி. நெசவு செய்யும் பெண்கள், பரம்பரைத் தறி, வெளிநாட்டு உறவுகளின் ஆசை என்று கதை தானாக வருகிறது. சேலை 4,500 ரூபாய். நூலும் கூலியும் 2,600. கூரியர் 400. அட்டைக் கொடுப்பனவுக் கழிவு 3 வீதம், 135. ஒரு ஓடரைப் பிடிக்க விளம்பரச் செலவு 900. மிச்சம் 465. இனி, பத்தில் ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். சேலை கைக்கு வந்தாலும், போன கூரியர் 400, வந்த கூரியர் 400, விளம்பரம் 900, கழிவு 135 என்று 1,835 ரூபாய் போய்விட்டது. ஒன்பது சேலையின் மிச்சம் 4,185 இல் இதைக் கழித்தால் 2,350. ஆக, ஒரு ஓடருக்கு 235 ரூபாய். கடை வாடகையும் சம்பளமும் இன்னும் கழிக்கவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் முதலீட்டுக் குழுவில் கைதூக்குகிறவர் பிறருடைய காசை வைத்து விளம்பரம் செய்கிறார்.

இதே கம்பனிக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கப்போகிறோம் என்று வைப்போம். பணம் சேருவதற்கு முந்திய கம்பனி மதிப்பு 8 கோடி, பணம் சேர்ந்த பிந்திய மதிப்பு 10 கோடி, முதலீட்டாளருக்கு 20 வீதம். நிறுவனர் தனக்கு 80 வீதம் என்று நினைப்பார். ஆனால் ஒப்பந்த வரைவில் ‘ஊழியர் பங்குத் தொகுதி 10 வீதம், முந்திய மதிப்புக்குள் அடங்கும்’ என்று ஒரு வரி இருக்கும். அதாவது ஊழியர்களுக்கு ஒதுக்குகிற அந்தப் பங்கு முழுவதும் நிறுவனரின் பக்கத்திலிருந்தே போகும். அப்போது அவருக்கு 70 வீதம்தான். அடுத்த சுற்றில் இன்னும் 20 வீதம் கொடுத்தால் 56 வீதம். அதைவிடக் கவனிக்க வேண்டியது விற்பனை முன்னுரிமை, அதாவது கம்பனி விலைபோனால் யார் முதலில் காசு எடுப்பது என்பது. அடுத்த சுற்றே இல்லாமல் கம்பனி 3 கோடிக்கு விலைபோனால், ஒரு மடங்கு முன்னுரிமை உள்ள முதலீட்டாளர் 20 வீதமான 60 இலட்சத்தை எடுக்கமாட்டார். போட்ட 2 கோடியை முதலில் எடுப்பார். மற்றவர்களுக்கு 1 கோடி. ‘பங்கேற்புடன்’ என்ற சொல் சேர்ந்திருந்தால், 2 கோடியோடு மீதியில் 20 இலட்சமும் அவருக்கே. மக்கள் தொடர்பிலிருந்து வருகிறவர் இந்த வரிகளைச் சட்டத்தரணியிடம் விட்டுவிடக் கூடாது. நிறுவனருக்கு நேர் பேச்சில் விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் அவர்தான். அவரிடம் அந்த நிறுவனம் வாங்குகிற திறமையே அது.

இன்னொரு பழக்கத்தையும் அடக்க வேண்டும். நல்ல செய்தி என்றால் உடனே வெளியிடுவது விளம்பரக்காரரின் இயல்பு. ஆனால் நிதி திரட்டும்போது வாய்மூடி இருப்பதே பல இடங்களில் சட்டம். அமெரிக்காவில் பெரும்பாலான நிதிகள், பதிவு செய்யாமலே பணம் திரட்ட விடுகிற ஒரு சட்ட விதிவிலக்கைப் பாவிக்கின்றன, அதன் கீழ்ப் பொது விளம்பரம் செய்யக்கூடாது. 2013 இல் திறந்த மாற்றுவழியில் செய்யலாம், ஆனால் பணம் போடுபவர் ஒவ்வொருவரும் தகுதியுள்ள முதலீட்டாளரா (சட்டம் சொல்கிற அளவு வருமானமோ சொத்தோ உள்ளவரா) என்று சரிபார்க்க வேண்டும். நம் நாட்டில் 2007 இன் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி, தனியார் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு வழங்க முன்வரக்கூடாது. ஊழியர்கள் நீங்கலாகப் பங்குதாரர் 50 பேருக்கு மேல் போகவும் கூடாது. ‘எங்கள் கம்பனியில் முதலிடுங்கள்’ என்று முகநூலில் போடுவதே பிழை. மாதம் இவ்வளவு வீதம் நிச்சயம் என்று சொல்லிப் பணம் சேர்ப்பது துணிகர முதலீடே அல்ல. மத்திய வங்கியின் அனுமதியின்றி வைப்பு ஏற்பதும், பிரமிட் திட்டமும் குற்றங்கள். இந்த வேறுபாட்டை மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

கிழக்கில் இருந்துகொண்டே இந்தத் துறையைத் தொட்டுப்பார்க்க ஒரு சிறிய வழி உண்டு. நல்லது என்று நம்புகிற இளம் கம்பனிக்கு வேலை செய்து, கட்டணத்தில் பாதியைப் பங்காக எடுப்பது. மாதம் ஒன்றரை இலட்சம் கட்டணம் என்றால் 75,000 காசாக, 75,000 பங்காக. ஒரு வருடத்தில் 9 இலட்சம். கம்பனியின் மதிப்பு 10 கோடி என்றால் 0.9 வீதம். பங்கு மாதாமாதம் சேர வேண்டும், வேலை நின்றால் சேர்வதும் நிற்க வேண்டும். அந்தப் பிரதிபலன் நியாயமானது என்று பணிப்பாளர் சபை தீர்மானம் எழுத வேண்டும், பங்குப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், கம்பனிப் பதிவாளருக்கு அறிவித்தல் போக வேண்டும். வாய்ச்சொல்லில் ‘உனக்கும் ஒரு பங்கு’ என்பது பங்கல்ல. முழுக் கட்டணத்தையும் பங்காக எடுப்பதுதான் பெரிய ஆபத்து. 60,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி இரண்டுக்கும் சேர்த்து மேலும் 9,000 ரூபாய் மாதாமாதம் காசாகக் கட்ட வேண்டும். பங்குப் பத்திரத்தை வைத்து அதைக் கட்டமுடியாது. ஒரே நேரத்தில் இரண்டு கம்பனிக்கு மேல் இப்படிச் செய்யாதிருப்பது நல்லது.

அதற்கும் முந்திய தடை ஒன்று இருக்கிறது. இங்கே பல வியாபாரங்கள் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவோடு நிற்கின்றன. அதில் பங்கு என்பதே கிடையாது, விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை. கம்பனியாக்க, பதிவாளர் திணைக்களத்தின் இணையவழியில் பெயரை ஒதுக்கி, படிவம் 1, பணிப்பாளருக்குப் படிவம் 18, செயலாளருக்குப் படிவம் 19, அமைப்பு விதிகள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு, வரி இலக்கம், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் எல்லாம் புதிய பெயருக்கு மாற வேண்டும். வர்த்தகக் குறி பழைய உரிமையாளரின் பெயரிலேயே கிடப்பது வழக்கமான பிழை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற உறவுகள் முதலிட விரும்பினால், பணம் 2017 இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். தம்பியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பினாலோ வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்தாலோ, நாளைக்குப் பங்கிலாபத்தையோ விற்ற காசையோ வெளியே அனுப்புகிறபோது வங்கி மறுக்கும். அடுத்த சுற்று முதலீட்டாளரும் அந்தப் பங்கை ஏற்கத் தயங்குவார்.

எல்லா நல்ல தொழிலும் இந்த முதலீட்டுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 1 கோடி டொலர் நிதி, ஒரு கம்பனியில் கடைசியில் 10 வீதம் வைத்திருந்தால், நிதி முழுவதும் திரும்பிவர அந்தக் கம்பனி 10 கோடி டொலருக்கு விலைபோக வேண்டும். சம்மாந்துறையின் நெல் ஆலை வருடத்துக்கு 15 வீதம் ஒழுங்காக உழைத்தால் அது அருமையான தொழில். அதற்கு வேண்டியது வங்கிக் கடனும் நல்ல களஞ்சியமும். துணிகர மூலதனக்காரர் அதைத் தொடமாட்டார், தொட்டால் அதைக் கெடுத்துவிடுவார். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகம் முடித்து மென்பொருள் செய்கிற பிள்ளைகளின் முயற்சிகளில் ஒன்றிரண்டு பொருந்தக்கூடும். இலங்கையில் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) வட்டி 30 வீதத்துக்கு மேல் போனது. அப்படியான வேளையில் பத்து வருடம் காத்திருக்கும் பணத்தை உள்ளூரில் தேடுவது மிகக் கடினம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இப்படியான தொழில்மாற்றச் செய்தியைப் பிரசுரிக்கும்போது, அவருக்கு முதலீட்டுக் குழுவில் வாக்கு உண்டா, முன்னைய நிறுவனத்தை விற்றாரா அல்லது வைத்திருக்கிறாரா, அந்த நிதியின் பணம் எவருடையது என்ற மூன்றையும் நிருபர் கேட்டு எழுதட்டும். பெயரையும் படத்தையும் விட எங்கள் ஊர் இளையவர்களுக்குப் பயன்படுவது அந்த மூன்று பதில்கள்தான்.

இப்படிக்கு,
விளம்பர, கணக்கியல், கம்பனிச் செயலாளர் துறையினர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.